மற்போர் உருவப் பொம்மைகளின் சந்தை

மற்போர் உருவப் பொம்மை என்பது தொழில்முறை மற்போரில் (மல்யுத்தத்தில்) தோன்றும் வீரர்களின் சாயலில், உரிமம் பெற்ற பொம்மை நிறுவனங்களால் தயாரிக்கப்படும் சிறு உருவம் ஆகும். ஆங்கில வழக்கில் இவை ஆக்‌ஷன் ஃபிகர் என்ற வகையில் அடங்கும். 1980களில் ஐக்கிய அமெரிக்காவில் சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாகப் பரவிய இவற்றை, இன்று சிறுவர்களும் வயது வந்த சேகரிப்பாளர்களும் ஒரே கடையின் ஒரே கொக்கியிலிருந்து வாங்குகின்றனர். இச்சந்தையின் பெரும்பாலான சிக்கல்களுக்கு இதுவே காரணம் எனலாம்.

வீரரின் புகழே பொம்மையின் விலையைத் தீர்மானிக்கிறது என்பது பொதுவான எண்ணம். இது ஓரளவே உண்மை. மிகவும் புகழ்பெற்ற வீரரின் பொம்மை சில டாலருக்குக் கிடைப்பதும், பலரும் மறந்துவிட்ட ஒருவரின் பொம்மை அதைவிடப் பன்மடங்கு விலைக்குப் போவதும் இங்கு வழக்கம். எத்தனை பொம்மைகள் கடைகளை அடைந்தன, அவற்றுள் எத்தனை பிரிக்கப்படாமல் எஞ்சின என்னும் இரண்டு எண்ணிக்கைகளே பெரும்பாலும் விலையை முடிவு செய்கின்றன.

வரலாறு

1984 ஆம் ஆண்டில் எல்.ஜே.என். என்ற அமெரிக்க நிறுவனம், உலக மற்போர் கூட்டமைப்பிடம் (டபிள்யூ.டபிள்யூ.எஃப்.; 2002 முதல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.) உரிமம் பெற்று, ஏறத்தாழ 8 அங்குல உயரமுள்ள ரப்பர் பொம்மைகளை வெளியிட்டது. ஹல்க் ஹோகன், ஆந்த்ரே த ஜயண்ட், ரோடி பைப்பர், அயர்ன் ஷேக் முதலியோர் முதல் வரிசையில் இடம்பெற்றனர். கை கால்களை அசைக்க இயலாத கனமான பொம்மைகள் இவை. சிறுவர்கள் இவற்றை ஒன்றோடொன்று மோதி விளையாடியதால் மூக்கு, தலைமுடி, காலணி ஆகிய இடங்களில் வண்ணம் எளிதில் உதிர்ந்தது. எனவே உறையின்றிக் கிடைக்கும் எல்.ஜே.என். பொம்மைகள் ஏராளமாக இருந்தும், வண்ணம் உதிராதவை குறைவு. 1989 ஆம் ஆண்டின் கடைசி வரிசை, கனடாவின் கிராண்ட் டாய்ஸ் நிறுவனத்தால் கறுப்பு அட்டையில் விற்கப்பட்டது. அல்டிமேட் வாரியர், பிக் பாஸ் மேன், ரிக் ரூட், ஹாக்கு முதலியோரைக் கொண்ட இவ்வரிசையே எல்.ஜே.என். தொகுப்புகளில் எட்டுதற்கு அரியது.

1990 முதல் 1994 வரை உரிமம் ஹாஸ்ப்ரோ நிறுவனத்திடம் இருந்தது. ஏறத்தாழ நான்கரை அங்குல உயரமுள்ள இந்நெகிழிப் பொம்மைகளுள் விசைச்சுருள் பொருத்தப்பட்டு, ஒவ்வொரு வீரருக்கும் ஒரு தாக்குதல் அசைவு தரப்பட்டது. அட்டையின் நிறத்தைக் கொண்டே சேகரிப்பாளர்கள் வரிசைகளை அடையாளம் காண்கின்றனர். 1994 இல் வந்த பச்சை அட்டை வரிசை இவற்றுள் கடைசியானது. மற்போர் மீதான ஆர்வம் தணிந்திருந்த அக்காலத்தில் கடைகள் அதனைக் குறைவாகவே வாங்கின. அன்று எவரும் பெரிதாக விரும்பாத அந்த வரிசையின் 1-2-3 கிட் போன்ற பொம்மைகளுக்கு இன்று கடும் போட்டி நிலவுகிறது.

போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் பொம்மைகளைக் கலூப் நிறுவனம் 1990 இல் வெளியிட்டது. அதன் இரண்டாம் வரிசை அமெரிக்கக் கடைகளுக்கு வராமல் பிரித்தானியாவில் விற்பனையானதால், அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதனைக் கடல் கடந்து தேட வேண்டியதாயிற்று.

ஹாஸ்ப்ரோவிற்குப் பின் ஜாக்ஸ் பசிஃபிக் நிறுவனம் 1996 முதல் 2009 இறுதி வரை டபிள்யூ.டபிள்யூ.எஃப். உரிமத்தை வைத்திருந்தது. 1998, 1999 ஆண்டுகளில் ஸ்டீவ் ஆஸ்டின், த ராக் ஆகியோரால் மற்போர் பெரும் எழுச்சி கண்டபோது, ஒரே வீரரின் பொம்மைகள் உடையும் அட்டையும் மாற்றப்பட்டுப் பல வடிவங்களில் வெளிவந்தன. பழைய பொம்மைகளின் விலை ஏறியிருந்ததைக் கண்ட பலர், எதிர்காலத்தில் விற்கும் எண்ணத்துடன் இவற்றைப் பிரிக்காமல் அடுக்கி வைத்தனர். எல்லோரும் அவ்வாறே செய்ததால் இன்றும் இவை உறை கலையாமல் மிகுதியாகக் கிடைக்கின்றன. கால் நூற்றாண்டு கடந்தும் இவற்றுள் பலவற்றின் விலை, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், வாங்கிய விலையைக்கூட எட்டவில்லை. பழமை வேறு, அருமை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இச்சந்தையில் இல்லை.

2004 இல் ஜாக்ஸ் வெளியிட்ட கிளாசிக் சூப்பர்ஸ்டார்ஸ் வரிசை, முந்தைய தலைமுறை வீரர்களை மீண்டும் உருவாக்கியது. சிறுவர்கள் அறியாத இவ்வீரர்களை வாங்கியோர், 1980களில் சிறுவர்களாக இருந்தவர்களே. வயது வந்த சேகரிப்பாளர் ஒரு தனிச் சந்தை என்பது இவ்வரிசையால் உறுதியாயிற்று. 2010 ஜனவரியில் உரிமம் மாட்டெல் நிறுவனத்திற்கு மாறியது. சிறுவர்களுக்கு மலிவான பேசிக் வரிசை, சேகரிப்பாளர்களுக்கு மூட்டுகள் மிகுந்த எலீட் வரிசை என மாட்டெல் தொடக்கத்திலேயே சந்தையை இரண்டாகப் பிரித்தது. 2019 இல் தொடங்கிய ஏ.ஈ.டபிள்யூ. மற்போர் நிறுவனத்தின் பொம்மைகளை ஜாஸ்வேர்ஸ் 2020 முதல் வெளியிட்டது.

சில்லறைக் கடையில் தேவையும் இருப்பும்

கடைகள் தாம் விரும்பும் வீரரைத் தனித்தனியே தேர்ந்து வாங்குவதில்லை. பல வீரர்கள் கலந்து அடுக்கப்பட்ட பெட்டியாகவே பொம்மைகள் வருகின்றன. ஒரு பெட்டியில் எவர் எத்தனை என்பதைத் தயாரிப்பாளர் முன்கூட்டியே முடிவு செய்கிறார். இதனைப் பெட்டி விகிதம் எனலாம்.

எடுத்துக்காட்டாக, எட்டுப் பொம்மைகள் கொண்ட ஒரு பெட்டியில் முன்னணி வீரர் மூன்று, இடைநிலை வீரர் இருவர் இரண்டிரண்டு, முதன்முறையாகப் பொம்மையாகும் புதிய வீராங்கனை ஒன்று என வைத்துக்கொள்வோம். கடை ஆறு பெட்டிகளை வாங்கினால் மொத்தம் 48 பொம்மைகள். அவற்றுள் முன்னணி வீரர் 18, புதிய வீராங்கனை 6 மட்டுமே. முன்னணி வீரரின் பொம்மை முந்தைய பல வரிசைகளிலும் வந்திருப்பதால், சேகரிப்பாளரிடம் அது ஏற்கெனவே இருக்கும். எனவே முதலில் தீர்வது அந்த ஆறு பொம்மைகளே. எஞ்சியவை கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும். இவற்றைச் சேகரிப்பாளர்கள் பெக்வார்மர் எனக் கேலியாகக் குறிப்பிடுவர். கொக்கியைக் கதகதப்பாக வைத்திருப்பது தவிர இவற்றால் வேறு பயன் இல்லை என்பது அதன் பொருள்.

இதன் விளைவு கேலிக்குரியதன்று. எல்லாப் பொம்மைகளுக்கும் கடையின் கணினியில் ஒரே பொருள் எண் இருந்தால், 'இன்னும் முப்பது பொம்மைகள் இருப்பில் உள்ளன' என்றே அது காட்டும். இருப்பு குறையாதவரை புதிய பெட்டிகள் வரவழைக்கப்படமாட்டா. ஆகவே தேவை மிகுந்த பொம்மைக்குத் தட்டுப்பாடும், தேவையற்ற பொம்மைக்குத் தேக்கமும் ஒரே கொக்கியில் ஒரே நேரத்தில் நிலவுகின்றன. அடுத்த வரிசை அக்கடைக்கு வராமலே போவதும் உண்டு. பின்னர் தேக்கத்தைத் தீர்க்கக் கடை விலையைக் குறைக்கும்போது, அப்பொம்மையை முழு விலை கொடுத்து வாங்கியவர் அடுத்த முறை தள்ளுபடிக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார்.

இச்சிக்கலைத் தணிக்க மாட்டெல் கையாண்ட முறைகளுள் ஒன்று, நான்கு பொம்மைகளின் உறைகளில் ஐந்தாம் உருவத்தின் உறுப்புகளைப் பிரித்து வைப்பது. தனியாக விற்றால் விலைபோகாத மேலாளர் அல்லது அறிவிப்பாளர் உருவம் பெரும்பாலும் இவ்வாறு தரப்பட்டது. அதனை முழுமையாக்க விரும்புவோர் தமக்கு வேண்டாத வீரரையும் வாங்கியாக வேண்டும். பொம்மையை வைத்துக்கொண்டு உறுப்புகளை மட்டும் விற்போரும், உறுப்புகளை வைத்துக்கொண்டு பொம்மையை விற்போரும் இதனால் தோன்றினர்.

கடைகளின் எண்ணிக்கை குறைந்ததும் குறிப்பிடத்தக்கது. கே.பி. டாய்ஸ் 2009 இலும், டாய்ஸ் 'ஆர்' அஸ் நிறுவனத்தின் அமெரிக்கக் கடைகள் 2018 இலும் மூடப்பட்டன. பொம்மைகளை மட்டுமே விற்ற பெருங்கடைகள் மறைந்தபின், பல்பொருள் அங்காடிகளான வால்மார்ட், டார்கெட் ஆகியவற்றின் சில அடி நீளக் கொக்கி வரிசையே முதன்மை விற்பனையிடம் ஆயிற்று. இவ்விரண்டும் தமக்கு மட்டுமே உரிய தனி வெளியீடுகளைக் கேட்டுப் பெறுகின்றன. மற்போர் பொம்மைகளுக்கென்றே இயங்கும் ரிங்சைட் கலெக்டபிள்ஸ் போன்ற இணையக் கடைகளும் தனி வெளியீடுகளை விற்கின்றன. அங்கு விலை சற்றுக் கூடுதல் எனினும், கடை கடையாக அலையும் செலவைக் கணக்கிட்டால் பெரும்பாலோருக்கு அது இழப்பன்று.

மாட்டெல் எலீட் பொம்மையின் அமெரிக்கச் சில்லறை விலை 2010களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 20 டாலராக இருந்து, பின்னர் அதற்கு மேல் உயர்ந்தது. இறக்குமதி வரிகளின் காரணமாக, தேவைப்படும் இடங்களில் ஐக்கிய அமெரிக்காவில் தன் பொருட்களின் விலையை உயர்த்தப் போவதாக மாட்டெல் 2025 மே மாதத்தில் அறிவித்தது.

வீரர்களின் இடமாற்றம்

ஒரு பொம்மை வடிவமைப்பிலிருந்து கடையை அடைய ஏறத்தாழ ஓராண்டு ஆகும். மற்போர்க் கதையோ வாரந்தோறும் மாறுவது. பொம்மை கடைக்கு வரும்போது வீரரின் உடை மாறியிருக்கலாம், நல்லவர் கெட்டவராகியிருக்கலாம், நிறுவனத்தை விட்டே சென்றிருக்கலாம். டஸ்டி ரோட்ஸ் 1991 தொடக்கத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.ஐ விட்டு விலகினார். அதே ஆண்டில் வந்த அவரது ஹாஸ்ப்ரோ பொம்மை இன்று அத்தொகுப்பின் அரியவற்றுள் ஒன்று.

சி.எம். பங்க் 2014 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யை விட்டு வெளியேறினார். 2021 ஆகஸ்டில் ஏ.ஈ.டபிள்யூ.வில் சேர்ந்தார்; 2023 நவம்பரில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்குத் திரும்பினார். பின்னிரு நகர்வுகளிலும் அவரது உருவை வெளியிடும் உரிமை ஒரு பொம்மை நிறுவனத்திடமிருந்து இன்னொன்றிற்குச் சென்றது. இடைப்பட்ட காலத்தில் புதிய பொம்மை இன்மையால் பழையவற்றின் விலை ஏறுவதும், புதியது அறிவிக்கப்பட்டவுடன் இறங்குவதும் இயல்பு. இவ்வாறான ஏற்றத்தின் உச்சியில் வாங்குவோரே மிகுதியாக இழக்கின்றனர்.

வீரரின் இறப்பும் தேவையைத் திடீரென உயர்த்தும். எனினும் அவ்வேளையில் வைத்திருப்போரும் விற்க முன்வருவதால், மிகுதியாகத் தயாரிக்கப்பட்ட பொம்மைகளில் இவ்வுயர்வு நெடுநாள் நீடிப்பதில்லை.

திட்டமிட்ட அருமை

முற்காலத்தில் அருமை தற்செயலாக நேர்ந்தது. பின்னர் அது திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. ஜாக்ஸ் நிறுவனம் 100 மட்டுமே தயாரிக்கப்பட்ட பொம்மைகளை வெளியிட்டது. மாட்டெல், வழக்கமான பொம்மைகளிடையே உடை நிறம் மாறிய சிலவற்றைக் கலந்து அனுப்பியது. சேகரிப்பாளர்கள் இவற்றைச் சேஸ் என்பர். ஜாஸ்வேர்ஸ் உறையிலேயே '1000இல் ஒன்று', '5000இல் ஒன்று' என அச்சிட்டது.

இவை சில்லறை விலைக்கே கடைக்கு வருவதால், முதலில் காண்பவருக்கு ஆதாயம். கடை திறக்கும் முன் வாசலில் காத்திருந்து இவற்றை அள்ளிச் சென்று மறுவிற்பனை செய்வோரை ஸ்கால்பர் என்று இகழ்வர். திரையரங்க வாசலில் நுழைவுச்சீட்டைக் கூடுதல் விலைக்கு விற்பதற்கு இது ஒப்பானது; ஆயினும் பொம்மைகளைப் பொறுத்தவரை இது சட்டத்துக்குப் புறம்பானதன்று.

மறுவிற்பனையாளரின் ஆதாயம் வெளித்தோற்றத்தில் காணப்படும் அளவு பெரிதன்று. வரியுடன் 24 டாலருக்கு வாங்கிய பொம்மை 60 டாலருக்கு விற்றதாகக் கொள்வோம். இணையச் சந்தையின் கட்டணம் ஏறத்தாழ 8 டாலர், அஞ்சல், பெட்டிச் செலவு 10 டாலர் எனில் எஞ்சுவது 18 டாலர். ஒரு பொம்மைக்காகச் சுற்றிய பத்துக் கடைகளின் எரிபொருள் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மறுவிற்பனை விலையை அறிதல்

இணையத்திற்கு முன், விலைப்பட்டியல் நூல்களும் இதழ்களுமே விலைக்கு ஆதாரமாக இருந்தன. அச்சாகி வருவதற்குள் அவ்விலைகள் பழையனவாகிவிடும். 1995 இல் தொடங்கிய ஈபே இதனை மாற்றியது. இங்குப் புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு, விற்பவர் கேட்கும் விலையைப் பொம்மையின் மதிப்பாகக் கொள்வதாகும். ஒருவர் 500 டாலர் எனக் குறித்து ஓராண்டாக விற்காமல் வைத்திருக்கும் பொம்மையின் மதிப்பு 500 டாலர் அன்று. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துக் காணும் வசதி உண்டு. அது கடந்த 90 நாட்களின் விற்பனையைக் காட்டும். மிக அரிய பொம்மைகளுக்கு 90 நாட்களில் ஒரு விற்பனைகூட இராது என்பதால், அவற்றின் விலை இருவரின் பேரத்தில் முடிவாகிறது.

நிலையும் தரமிடலும்

பிரிக்கப்படாத பொம்மையில் மதிப்பிடப்படுவது பொம்மை அன்று, அதன் அட்டையும் நெகிழிக் குமிழுமே. அட்டையின் மூலை மடிந்திருத்தல், விலைச்சீட்டைக் கிழித்த தடம், குமிழ் மஞ்சளாதல் ஆகியவை விலையைக் குறைக்கும். கொக்கியில் தொங்கவிடுவதற்கான துளையின் அட்டைத்துண்டு பெயர்க்கப்படாமல் இருப்பின் விலை கூடும். அப்பொம்மை ஒருமுறையும் கொக்கியில் தொங்கவில்லை என்பதற்கு அது சான்று. உறையில்லாப் பொம்மைக்கு வண்ணமும், மூட்டுகளின் இறுக்கமும், கச்சை, அங்கி, ஒலிபெருக்கி முதலிய துணைப்பொருட்களும் முக்கியம். துணைப்பொருள் பொம்மையினும் அரிதாக இருப்பதுண்டு.

ஏ.எஃப்.ஏ. போன்ற தரமிடும் நிறுவனங்கள் பொம்மையை ஆராய்ந்து, 100 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் இட்டு, ஒளிபுகும் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. பல நூறு டாலர் பெறும் பொம்மைக்கு இச்செலவு தகும். அண்மைக்காலப் பொம்மைகளுக்குத் தரமிடும் கட்டணமே பொம்மையின் விலையை விஞ்சிவிடும்.

போலிகள்

விலை ஏறிய இடத்தில் போலியும் வந்தது. பழைய குமிழை வெட்டி வேறு பொம்மையை வைத்து ஒட்டுதல், புதிதாக அச்சிட்ட அட்டையைப் பழையது எனக் காட்டல், முப்பரிமாண அச்சில் செய்த கச்சைகளை அசல் என விற்றல் ஆகியவை பரவலானவை. ஹாஸ்ப்ரோவின் கமாலா பொம்மையின் வயிற்றில் வழக்கமாக விண்மீன் வரையப்பட்டிருக்கும். பிறை வரையப்பட்டவை மிகச் சிலவே உள்ளன. விண்மீனை அழித்துப் பிறை வரைவது கடினமன்று. ஆகவே இப்பொம்மை விற்பனைக்கு வரும்போது, அது எவரிடமிருந்து எவரிடம் வந்தது என்னும் கைமாறிய வரலாற்றையே சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பர்.