தாதிமை மாணவர்கள் ஏன் வரைபடம் போடுகிறார்கள்?

நீங்கள் ஒரு பயிற்சித் தாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணி. 72 வயது முதியவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. பேச்சில் குழப்பம். காலை உணவை அவர் தொடவே இல்லை.

"தாத்தா ராத்திரி சரியா தூங்கல போல" என்று நகர்ந்துவிடுவீர்களா?

அவருடைய குறிப்பில் எல்லாமே இருக்கிறது: நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், காலையில் போட்ட இன்சுலின். ஆனால் எல்லாம் தனித்தனி வரிகளில். அவற்றை இணைத்துப் பார்ப்பதுதான் சவால். அந்தத் திறனை வளர்க்கத் தாதிமைக் கல்வியில் பயன்படும் ஒரு வழி, கருத்து வரைபடம்.

அப்படின்னா என்ன?

கட்டங்களுக்குள் கருத்துகளை எழுதிக் கோடுகளால் இணைப்பது. மைண்ட் மேப் மாதிரிதானே என்று கேட்கலாம். ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. இதில் ஒவ்வொரு கோட்டின்மீதும் "குறைக்கிறது", "மறைக்கிறது" போன்ற இணைப்புச் சொல் இருக்க வேண்டும். காரணம் தெரியாமல் கோடு போட முடியாது.

எங்கே தொடங்கியது?

1970களில், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில். பிள்ளைகள் அறிவியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய, ஜோசப் நோவாக்கின் குழு இதை உருவாக்கியது. புதிய விஷயத்தை ஏற்கெனவே தெரிந்ததோடு இணைத்தால்தான் உண்மையாகக் கற்கிறோம் என்ற உளவியலாளர் டேவிட் ஆசுபெலின் கருத்தே அதற்கு அடிப்படை.

முதியவருக்கு எப்படி வரைவது?

நடுவில் அவரை வையுங்கள். சுற்றிலும் நோய்கள், மருந்துகள், அறிகுறிகள். இப்போது கோடுகள்:

• இன்சுலின் போட்டாச்சு, சாப்பிடவில்லை: ரத்தச் சர்க்கரை குறையலாம்.
• சிறுநீரகம் பலவீனம்: இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்கலாம்.
• சர்க்கரைக் குறைவு: வியர்வை, குழப்பம் வரலாம்.
• ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுத்தால்: படபடப்பு, நடுக்கம் தெரியாமல் போகலாம்.

கோடுகள் ஒரே இடத்தில் கூடுகின்றன. உடனே சர்க்கரையை அளக்கணும், மூத்த தாதியிடம் சொல்லணும். அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் காத்திருக்க நேரமில்லை. கவனிக்காவிட்டால் சுயநினைவே போகலாம்.

அதோடு முடிந்துவிட்டதா? இல்லை. பக்கவாதம், கிருமித்தொற்று ஆகியவையும் குழப்பத்தை ஏற்படுத்தலாம். அவற்றையும் வரைந்து பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். முதலில் தோன்றிய பதிலோடு நின்றுவிடாமல் இருப்பதுதான் ஆய்ந்து சிந்திப்பது.

ஆசிரியருக்கு என்ன லாபம்?

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் குருட்டாம்போக்கில்கூட மதிப்பெண் வாங்கலாம். வரைபடத்தில் அது நடக்காது. விடுபட்ட கோடும் தவறான கோடும் பளிச்சென்று தெரியும். "இந்தக் கோடு ஏன்?" என்று ஆசிரியர் கேட்கும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது.

குறையே இல்லையா?

இருக்கு. முதலில் ரொம்ப நேரம் எடுக்கும். அழகாக வரைவதிலேயே கவனம் போய்விடலாம். நண்பரின் வரைபடத்தைப் பார்த்து எழுதினால் பயனே இல்லை.

பரபரப்பான வார்டில் யாரும் உட்கார்ந்து படம் வரையப்போவதில்லை. ஆனால் வகுப்பில் பலமுறை வரைந்து பழகியவருக்கு, அந்தக் கோடுகள் மனத்துக்குள் தாமாகவே ஓடும். "தூங்கல போல" என்று கடந்துபோகாமல், சர்க்கரையை அளக்கும் கருவியை எடுக்க வைப்பது அந்தப் பழக்கம்தான்.