கல்வெட்டுத் தரவும் இணையவழி ஊடாடு வரைபடமும்: சோழவந்தான் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

தரவுகளை நிலப்படத்தில் இட்டு, படிப்பவர் தாமே பெரிதாக்கியும் அடுக்குகளை மாற்றியும் காணுமாறு அமைக்கும் ஊடாடு வரைபடம் இன்று வரலாற்று மாணவர்க்கும் கைவந்த கருவியாகியுள்ளது. கியூஜிஐஎஸ், லீப்லெட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இதனை எளிதாக்கியுள்ளன. ஆயின் மென்பொருளைக் கற்பது வேறு. தரவைக் கொண்டு வரலாறு சொல்லக் கற்பது வேறு. இவ்வேறுபாட்டைச் சோழவந்தான் வட்டாரத்தின் சான்றுகள்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோடி முயற்சிகள்

1854இல் இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ, காலரா இறப்புகளை நகரப் படத்தில் குறித்தார். அவை பிராட் தெருவின் குடிநீர்க் குழாயைச் சுற்றிச் செறிந்திருந்தமை புலனாயிற்று. அட்டவணையில் புலப்படாத உறவை நிலப்படம் காட்டியது.

தமிழக வரலாற்றில் இத்தகைய பணியைச் செய்தவர் எ. சுப்பராயலு. 1973இல் வெளிவந்த சோழ நாட்டு அரசியல் நிலவியல் குறித்த நூலில், கல்வெட்டுகள் கூறும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தி, நாடு எனும் பிரிவுகளைப் படங்களில் வரைந்தார். நாடுகள் சில ஆற்றின் இரு கரைகளிலும் பரவியிருந்தமை அப்படங்களில் தெரிந்தது. ஆறே எல்லை என்னும் எண்ணம் தளர்ந்து, நாடு என்பது வேளாண் ஊர்களின் தொகுதி என்னும் கருத்து வலுப்பெற்றது. 1978இல் நொபொரு கராசிமா, சுப்பராயலு, தொரு மாட்சுய் ஆகியோர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு மதுரையிலிருந்தே வெளிவந்தது. இணையம் வருவதற்கு முன்பே தரவு, வகைப்பாடு, படம் என்னும் மூன்று படிகளும் இங்குக் கைக்கொள்ளப்பட்டிருந்தன.

பெயரும் புள்ளியும்

இன்றைய இணையப் படங்களில் சோழவந்தான், வைகையின் வடகரையில் ஒரு புள்ளி. கல்வெட்டுகளில் அது பாகனூர்க் கூற்றத்துச் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம். சோழன் தலைகொண்ட வீரபாண்டியனோடு தொடர்புடையது சோழாந்தகன் என்னும் பட்டம். சோழனுக்கு எமன் என்னும் பொருளுடைய அப்பெயர், மக்கள் வழக்கில் சோழன் வந்தான், சோழன் உவந்தான் என விளக்கம் பெற்றது. பகையைக் குறித்த பெயர் வருகையையும் மகிழ்ச்சியையும் குறிப்பதாயிற்று. இன்றைய பெயரை மட்டும் இடும் படம் இம்மாற்றத்தை மறைத்துவிடும்.

இப்பழம்பெயர் எதிர்க்கரையில் உள்ள தென்கரை மூலநாதசுவாமி கோயிற் கல்வெட்டுகளிலும் வருகிறது. எனவே கூற்றத்தையோ மங்கலத்தையோ வரைய முற்படும் மாணவர், வைகையை எல்லைக்கோடாகக் கொள்ளத் தயங்க வேண்டும். கல்வெட்டு எல்லை கூறும் முறையும் வேறு: கிழக்கெல்லை இன்ன வாய்க்கால், தெற்கெல்லை இன்னார் நிலம் என அது உறவுகளாற் சுட்டும். மென்பொருளோ அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கேட்கும். அடையாளம் காணப்படாத ஊருக்கும் ஓர் எண்ணை இட்டுவிட்டால், திரையில் ஐயம் மறைந்து உறுதி மட்டும் எஞ்சும். அதனை அடுத்தவர் எடுத்தாளும்போது ஊகம் சான்றாகிவிடும். ஆகவே தரவு அட்டவணையில் ஊர்ப்பெயர், கல்வெட்டு இடம், காலம் ஆகியவற்றோடு, பொருத்தத்தின் உறுதிநிலைக்கும் ஒரு பத்தி வேண்டும். உறுதியானவற்றை நிறைபுள்ளியாலும், ஐயமுள்ளவற்றை வெறும் வட்டத்தாலும், எல்லை தெரியாதவற்றை மங்கிய பரப்பாலும் காட்டலாம்.

நீரும் காலமும்

காலத்தைக் காட்டுவதிலும் இதே இடர் உண்டு. இணையப் படத்தில் வைகை ஆண்டு முழுவதும் அறுபடாத நீலக்கோடு. நேரிற் கண்டோர் அறிவர்: பல மாதங்கள் அது மணற்பரப்பு. அந்நீலக்கோட்டிற்கு ஆண்டும் பருவமும் இல்லை.

1886ஆம் ஆண்டு அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திரும்பி, வைகையில் கலந்தது. பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய்வழி வயல்களை அடைந்தது. 1959இல் வைகை அணை பயன்பாட்டிற்கு வந்தது. ஆக, 1895க்கு முந்தைய வைகையும், 1959க்குப் பிந்தைய வைகையும் படத்தில் ஒரே கோடெனினும், பாசன வரலாற்றில் ஒன்றல்ல. இன்றைய கால்வாய் அடுக்கின்மேல் பாண்டியர்கால ஊர்களை இட்டால், அவ்வூர்கள் அந்நீரால் வளர்ந்தன என்னும் பொய்த்தோற்றம் எழும். ஒவ்வோர் அடுக்கிற்கும் தொடக்க ஆண்டு இட்டு, காலப்பட்டையை நகர்த்தினால் உரிய அடுக்கு மட்டும் தோன்றுமாறு செய்வதே இதற்குத் தீர்வு.

முடிவுரை

வரைபடம் தரவைக் காட்டும் கண்ணாடி மட்டுமன்று. அது ஒரு கருத்தை முன்வைக்கும் வாதமும் ஆகும். எழுத்தில் ‘இருக்கலாம்’ என்னும் சொல்லால் ஐயத்தைக் குறிக்கிறோம். படத்தில் அச்சொல்லின் வேலையை நிறமும் கோடும் செய்ய வேண்டும். மதுரை வட்டாரக் கோயிற் கல்வெட்டுகளைக் கொண்டு மாணவர் ஊடாடு வரைபடம் அமைக்கக் கற்கும்போது, முதற்பாடம் மென்பொருளின் பொத்தான்களாக இராமல், ஓர் ஊரைப் புள்ளியாக இடுவதற்குமுன் கேட்கவேண்டிய மூன்று வினாக்களாக அமைதல் நலம்: எந்தப் பெயர், எந்தக் காலம், எவ்வளவு உறுதி? இவற்றிற்கு விடை தரும் படமே பின்வருவோர் சரிபார்த்துத் திருத்தத்தக்க ஆய்வாக நிலைக்கும்.