காலி முகமும் மண்டபமும்

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். தங்குகிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். லாட்ஜில் தங்குவது பெருமையான விஷயம் ஒன்றும் இல்லை. பஸ் கிடைக்கவில்லை, கோர்ட்டு வேலை முடியவில்லை, அதனால் தங்கினேன் என்று காரணம் சொல்லிக்கொள்வார்கள். தங்குவதற்காகவே தங்குவது, அதற்குக் காசு கொடுப்பது, அதை நாலு பேரிடம் சொல்லுவது எல்லாம் எங்கள் தலைமுறையில் வந்தது. என்னோடு வேலை பார்க்கிற பாதிப்பேர் வருடத்துக்கு ஒரு முறையாவது "ஹெரிட்டேஜ் ஹோட்டல், வித் ஸ்பா" என்று படம் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

அப்படிப் படம் போடுவதற்குத் தோதான ஓர் இடம் கொழும்பில் இருக்கிறது. காலி முக ஹோட்டல். (காலி என்பது ஊர்ப் பெயர். வெற்றிடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) 1864இல் தொடங்கியது. சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஹோட்டல்களில் ஒன்று என்று சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லட்டும். 1894இல் பெரிதாக்கிக் கட்டிய கட்டடம்தான் இன்று நாம் பார்ப்பது. முன்னால் ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், இன்னொரு பக்கம் ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்த நீளமான புல்திடல். சூரியன் மறையும்போது கொடியிறக்கம் நடக்கும். கடலை ஒட்டிய நீச்சல் குளம் உண்டு, ஸ்பா உண்டு, எண்ணெய் தேய்த்துவிட ஆள் உண்டு. சனிக்கிழமை நல்லெண்ணெயும் சீயக்காயும் போட்டு வளர்ந்தவனுக்கு அந்த ரேட் கார்டைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

விருந்தாளிகளின் பட்டியலை ஹோட்டல் பெருமையாகக் காட்டும். காந்தி, நேரு, யூரி ககாரின் என்று அது போகிறது. ஆர்தர் சி. கிளார்க் தன்னுடைய '3001' நாவலின் கடைசி அத்தியாயங்களை இங்கே உட்கார்ந்துதான் எழுதினார். ஒரு நாள் சாயங்காலம் அந்தத் தாழ்வாரத்தில் டீ குடித்தேன். ரூம் போடும் வசதியில்லை, டீக்கு இருந்தது. நல்ல டீ.

அந்த டீயிலிருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது. 1864இல் கொழும்பில் எதற்காக அப்படி ஒரு ஹோட்டல்? யார் தங்குவார்கள் என்று நம்பிக் கட்டினார்கள்? சூயஸ் கால்வாய் திறந்ததே 1869 நவம்பரில்தான். பெரிய கப்பல் கூட்டம் அதற்கப்புறம் வந்தது. அதற்கு முன் இலங்கையில் பணம் என்றால் காப்பி. அந்தத் தீவு அப்போது உலகின் பெரிய காப்பி உற்பத்தியாளர்களில் ஒன்று. மலையில் தோட்டம் வைத்திருந்த துரைமார்கள் கொழும்புக்கு இறங்கி வந்தால் குடிக்க, ஆட, தூங்க ஓர் இடம் வேண்டும். அந்தக் காப்பிப் பணத்தைக் கணக்கில் எடுக்காமல் இந்த ஹோட்டலைப் புரிந்துகொள்ள முடியாது. 1869இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் காப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்ட தேயிலை அந்த இடத்துக்கு வந்தது. பயிர் மாறியது. பறிக்கிற கைகள் மாறவில்லை. அந்தக் கைகள் தமிழ்நாட்டிலிருந்து போனவை. அதிலும் திருச்சி மாவட்டத்திலிருந்து போனவை நிறைய. பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டம்தான். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் பிரிந்து, சேர்ந்து, மறுபடி 2007இல் பிரிந்தது.

மழை பெய்தால் சோளமும் பருத்தியும், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை என்கிற மானாவாரி பூமி எங்களுடையது. பெய்யாத வருடத்தில் கங்காணி வருவார். முன்பணம் தருவார். "கண்டிச்சீமை" என்பார். இலங்கைத் தோட்ட முதலாளிகள் ஆள் சேர்ப்பதற்கென்று 1904இல் அமைத்த தொழிலாளர் கமிஷனின் தலைமை அலுவலகமே திருச்சியில்தான் இருந்தது. எங்கே ஆள் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காப்பிக் காலத்தில் போனவர்கள் பெரும்பாலும் நடந்து போனார்கள். தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரைக்கும் நடை. காலராவும் பட்டினியும் அந்த வழியில் எத்தனை பேரைச் சாய்த்தன என்பதற்கு ஒழுங்கான கணக்கு கிடையாது. அதே 1864இல் 'ஆதிலட்சுமி' என்கிற கப்பல் தொழிலாளர்களோடு கடலில் மூழ்கியதை மலையக வரலாற்றை எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நூற்றுச் சொச்சம் பேர். ஹோட்டல் திறந்த வருடமும் அதுதான் என்பது தற்செயல்தான். அதில் மர்மம் எதையும் தேட நான் தயாரில்லை. ஆனால் இரண்டும் ஒரே வியாபாரத்தின் இரண்டு வரவு செலவுகள்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து சிறு கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். போட் மெயில் என்று நம்ம தாத்தாக்கள் சொன்னது இதைத்தான். முதல் வகுப்பில் ஏறிய துரை மறுநாள் கொழும்பில் இறங்கி, நேராகக் காலி முகத்துக்குப் போய்க் குளித்துவிட்டு ஜின் கேட்கலாம். அதே பாதையில் போன தொழிலாளிக்கு நடுவில் ஓர் இடம் இருந்தது: மண்டபம் முகாம்.

அது இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம். தோட்டத்துக்குப் போகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரு வாரம் அங்கே அடைபட்டுக் கிடக்க வேண்டும். குளிக்க வைப்பார்கள். கட்டியிருந்த துணியை வாங்கி நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குவார்கள். அம்மை குத்துவார்கள். கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். சோறு போடுவார்கள். காலராவையும் அம்மையையும் பார்த்த தீவு, பயப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் குத்தூசியால் பிழைத்த குழந்தைகளும் இருந்திருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. மேல் வகுப்பில் போகிறவருக்கு இந்த முகாம் வாசம் இல்லை. காலராக் கிருமி டிக்கெட் பார்த்து ஏறாது என்பது அந்த டாக்டர்களுக்குத் தெரியாதா என்ன?

கழுத்தில் ஒரு தகர வில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்கிற எண் அதில் இருக்கும். அதைக் காட்டினால் வழியெல்லாம் ரயில், கப்பல், சாப்பாடு எல்லாம் கிடைக்கும். ஆள் பார்சல் மாதிரி போய்ச் சேருவார். என் தொழிலில் இதற்கு பிரைமரி கீ என்று பெயர். பெயர் மாறலாம், ஒரே பெயரில் பத்து முனியன் இருக்கலாம், எண் மட்டும் தனித்திருக்க வேண்டும். நல்ல டிசைன், யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்த வழிச்செலவெல்லாம் பிறகு அவன் பேரில் கடனாக எழுதப்பட்டது என்பது மட்டும் வில்லையில் இருக்காது. கடன் தீர்ந்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' கிடைக்கும். அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். ஹோட்டலில் தங்கிவிட்டுக் கிளம்பும்போது பில் வரும். இவர்களுக்குக் கிளம்புவதற்கு முன்பே வந்துவிட்டது.

தோட்டத்தில் தங்கிய இடம் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, வரிசையாக. ஒரு அறையில் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு. ஹோட்டலைப் பற்றி எழுதும்போது அறையின் அளவைச் சொல்வது வழக்கம் என்பதால் சொன்னேன்.

ஹோட்டலுக்குள் வேலை பார்த்தவர்களில் ஒருவருக்கு மட்டும் விருந்தாளிகள் அளவுக்குப் புகழ் கிடைத்தது. சாத்துக்குட்டன். கேரளத்தில் பிறந்து, பெற்றோரை இழந்து, 1930களின் கடைசியில் கொழும்புக்கு வந்தவர். 1942இல் ஹோட்டலில் சேர்ந்தார். அந்த ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானியர்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டார்கள். கடைசியில் வாசல்காப்பாளராக, வெள்ளை உடுப்பில் மார்பு நிறைய பதக்கங்களோடு, வெள்ளை மீசையோடு, கைகூப்பி நின்றார். 2014இல் 94 வயதில் இறக்கும்வரை அவர் அந்த ஹோட்டலின் ஆள். பிபிசி உட்பட வெளிநாட்டுப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. எழுபது வருடங்களுக்கு மேல் அந்த ஹோட்டலில் மற்றவர்களுக்காக வேலை பார்த்த ஒரு குடியேறி.

அந்த வாசல் பார்த்தவை கார்கள் மட்டும் இல்லை. திடலின் தெற்கு முனையில் ஹோட்டல்; வடக்கு முனையில் அன்றைய நாடாளுமன்றம். 1956 ஜூன் 5ஆம் தேதி, சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து செல்வநாயகம் தலைமையில் தமிழர்கள் அந்தப் புல்லில் சத்தியாகிரகம் உட்கார்ந்தார்கள். கும்பல் வந்து அடித்தது. போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. 2022 ஏப்ரலில் அதே திடலில் இளைஞர்கள் கூடாரம் போட்டு ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கடல் பார்த்த அறை எடுத்தவர்களுக்கு இதுவும் சேர்ந்துதான் தெரியும்.

நேருவின் பெயர் விருந்தாளிப் பட்டியலில் இருக்கிறது. 1939இல் அவர் வந்துபோனதையொட்டித்தான் இலங்கை இந்தியக் காங்கிரஸ், தோட்டத் தமிழர்களின் முதல் பெரிய அரசியல் அமைப்பு, பிறந்தது. அது காப்பாற்ற முடியாமல் போனது அதிகம். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரைப் பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருநாட்டுப் பிரதமர்களும் உபசாரத்தில் குறை வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். நூறு வருடத்துக்கு முன் போன தாத்தாவின் ஊர்ப் பெயர் மட்டும் வாயில் இருந்தது. அவர்களை முதலில் கொண்டுபோய் வைத்த இடம் மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரித் தேயிலை, அது இது என்று கலைந்தார்கள். ஊர் தேடி வந்தவர்களை உறவுக்காரர்களே "சிலோன்காரங்க" என்றார்கள்.

1983 கலவரத்துக்குப் பின் போர் அகதிகள் வந்தபோதும் அதே மண்டபம்தான். துணியை வேகவைத்த காலம் போய்விட்டது, பதிவேடு மட்டும் தொடர்ந்தது. மண்டபத்திலிருந்து அவர்களை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். அப்படி வந்த முகாம்களில் ஒன்று எங்கள் பெரம்பலூரிலேயே இருக்கிறது, துறைமங்கலத்தில். 2021இல் அரசு அகதிகள் முகாம் என்கிற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அங்கேயே பிறந்தவர்களுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கின்றன. பிறந்த ஊர் எது என்று கேட்டால் பெரம்பலூர் என்கிறார்கள். குடியுரிமை எது என்கிற கட்டத்தில் இன்னும் எழுத ஒன்றும் இல்லை.