வழியை உடைத்தவர்களும் வழி போடுகிறவர்களும்

புனேயிலிருந்து லோனாவ்லா போகும் லோக்கல் ரயிலில் ஏறி மளவ்லியில் இறங்கினால், இரண்டு மலைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்பது தெரியும். ஒன்று லோஹகட், இன்னொன்று விசாபூர். இரண்டின் உச்சியிலும் கோட்டை. லோஹகட்டுக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைக்கூட மெதுவாக ஏற்றிவிடலாம். அகலமான கற்படிகள், கணேஷ், நாராயண், ஹனுமான், மஹா என்று வரிசையாக நான்கு வாசல்கள். விசாபூர் அப்படியில்லை. வாசல் இருக்க வேண்டிய இடத்தில் உருண்டு கிடக்கிற பாறைகள்தான். ஒரு பக்கத்துப் படிகளில் மழைக்காலம் முழுக்க ஓடை ஓடும்.

பக்கத்துப் பக்கத்து மலைகளில் ஏன் இந்த வித்தியாசம்? புனேக்கு வந்த புதிதில் நானும் பராமரிப்புக் கோளாறு என்றுதான் நினைத்தேன். காரணம் 1818-ல் இருக்கிறது.

மூன்றாம் ஆங்கிலேய-மராட்டியப் போர் முடியும் தறுவாய். அந்த ஆண்டு மார்ச்சில் ஆங்கிலேயர் முதலில் விசாபூரைப் பிடித்தார்கள். அது லோஹகட்டைவிட உயரம். மேலே பீரங்கியை ஏற்றிவிட்டால் கீழே இருக்கும் லோஹகட் தாங்காது. அப்படியேதான் நடந்தது, லோஹகட் கைக்கு வந்தது. வேலை முடிந்ததும் அவர்கள் யோசித்தார்கள்: நாம் செய்ததை நாளை இன்னொருவன் நமக்கே செய்தால்? லோஹகட்டில் 1845 வரை ஒரு சிறு படையை வைத்துக்கொண்டார்கள். விசாபூரின் கொங்கண் பக்க வாசல், தக்காணப் பக்க வாசல் இரண்டையும் தகர்த்துவிட்டார்கள்.

இது ஒரு கோட்டையின் கதை மட்டுமில்லை. சஹ்யாத்ரி முழுக்க அந்தக் காலத்தில் பல கோட்டைகளின் படிகளை வெடிவைத்துப் பெயர்த்தார்கள். நாசிக் பக்கம் அலங், மதன் கோட்டைகளுக்கு இன்றும் கயிறு இல்லாமல் ஏற முடியாது. மதில் கட்ட நூறு வருடம் ஆகியிருக்கும், அதை முழுக்க இடிக்கவும் செலவு. இருபது படியைப் பெயர்த்தால் போதும், கோட்டை செத்துப்போகும். சிக்கனமான யோசனைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வழியைக் கெடுப்பது மராட்டியர்களுக்கும் தெரிந்த கலைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமச்சந்திர பந்த் அமாத்யர் எழுதியதாகச் சொல்லப்படும் 'ஆஜ்ஞாபத்ர' என்ற அரசியல் நூலில் கோட்டைகளைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. கோட்டைக்கு வரும் வழி சுலபமாக இருக்கக்கூடாது, இருந்தால் அதை மோசமாக்கி மரம் செடி வளரவிட வேண்டும் என்பது அதில் உள்ள அறிவுரைகளில் ஒன்று. இந்த அமாத்யர் நமக்கும் வேண்டியவர்தான். 1689-ல் ராஜாராம் தப்பி நம்ம செஞ்சிக்குப் போனபோது, இங்கே மராட்டிய தேசத்தைக் கட்டிக் காத்தவர் அவர். செஞ்சி 1698 வரை தாக்குப்பிடித்தது. ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆழமான பாறைப் பிளவு இருக்கிறதே, அதன் குறுக்கே ஒரு மரப்பாலம்தான். பாலத்தை எடுத்தால் வழி இல்லை. அதே கணக்கு.

நிற்க. வழியை வேண்டுமென்றே கடினமாக வைத்திருந்தாலும், இருக்கிற வழியை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே? கோட்டையின் உள்ளே ஹவல்தார், சப்னிஸ், கார்கானிஸ் என்று அதிகாரிகள். கீழே காட்டையும் வழியையும் காவல் காத்தவர்கள் ராமோஷி, மஹார், கோளி மக்கள். கோட்டையைச் சுற்றிய நிலத்துக்கு 'கேரா' என்று பெயர். சிங்ககட் அடிவாரத்தில் இன்றும் 'கேரா சிங்ககட்' என்று ஊர் இருக்கிறது. காவலுக்குப் பதிலாக இவர்களுக்கு வரியில்லா நிலம். இதை யாரும் 'தன்னார்வம்' என்று சொல்ல முடியாது. பிறந்த சாதியோடு ஒட்டிக்கொண்டு வந்த கடமை அது. (நம் ஊர் ஏரிகளுக்குக் குடிமராமத்து இருந்ததும் நினைவுக்கு வரலாம். அது தானாக நடக்காதபோது 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். பழைய காலத்துக் கூட்டு உழைப்பு என்றாலே உருகிவிடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.)

கோட்டை போனதும் அந்தக் கடமை போயிற்று, கூடவே நிலமும் மரியாதையும் போயின. புரந்தர் கோட்டைக் காவல் உரிமை ராமோஷிகளின் கையை விட்டுப் போனதுதான் உமாஜி நாயக்கின் கிளர்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம். 1832-ல் அவரைப் புனேயில் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் இந்த வழிகளைத் தெரிந்து வைத்திருந்தது மாடு மேய்க்கிறவர்களும் விறகு எடுக்கிறவர்களும்தான்.

திரும்பவும் நகரத்து மனிதர்கள் ஏறத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில். மராத்தி எழுத்தாளர் கோ. நீ. தாண்டேகர் (1916–1998) கோட்டை கோட்டையாக நடந்து எழுதிய எழுத்து ஒரு தலைமுறையையே மலைக்கு அனுப்பியது. இளம் வயதில் அவர் காட்கே பாபாவுடன் சுற்றியவர். காட்கே பாபாவைத் தெரியாதவர்களுக்கு: கையில் துடைப்பத்தோடு ஊருக்குள் வருவார், பகலில் தெருவைப் பெருக்குவார், இரவில் கீர்த்தனை. 1956-ல் மறைந்தார். இங்கே 'ஷ்ரமதான்' என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு அந்த மாதிரி மனிதர்களால் வந்தது. இன்று சனி ஞாயிறுகளில் கோட்டைக்குக் கோட்டை சின்னச் சின்னக் குழுக்கள் மண்வெட்டியோடு போகின்றன.

எங்கள் குடியிருப்பிலிருந்து நாலைந்து குடும்பம் அப்படி ஒரு குழுவோடு போகிறோம். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எல்லாருக்கும் 'காகா'. என் மராத்தி காய்கறிக் கடையைத் தாண்டாது. ஆனால் 'கமேலா' என்றால் நம்ம ஊர் கொத்தனார் பாண்டு, 'பாவ்டா' மண்வெட்டி, 'கோய்தா' அரிவாள் என்று தெரிந்தால் காலை முழுக்க ஓட்டிவிடலாம். மகள்தான் காகா சொல்வதைத் தமிழில் சொல்வாள்.

காகாவிடம் முதலில் கற்றது, மலைப்பாதைக்குப் பெரிய எதிரி தண்ணீர் என்பது. லோனாவ்லாப் பக்கம் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, அதில் பெரும்பகுதி நாலே மாதத்தில். பாதை பள்ளமாக இருந்தால் அதுவே வாய்க்காலாகிவிடும். சேறாகிறது என்று நாம் ஓரமாக நடப்போம். ஓரத்துப் புல் சாகும், மண் கரையும், பாதை இரண்டாள் அகலத்திலிருந்து பத்தாள் அகலமாகும். வளைந்து போகிற பாதையைக் குறுக்கே வெட்டி ஏறுகிறவர்களால் இன்னும் கேடு, அந்தக் குறுக்கு வழி அடுத்த மழையில் நேரே அருவி. மருந்து எளியது, முதுகுதான் வலிக்கும். பாதையின் குறுக்கே சாய்வாகக் கல்வரிசை பதித்துத் தண்ணீரைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிவிட வேண்டும். குறுக்கு வழிகளைக் கல்லும் முள்ளும் போட்டு அடைக்க வேண்டும். சரியும் ஓரத்துக்கு, சிமெண்ட் இல்லாமல் மலைப்பக்கமாகச் சாய்த்துக் கல் அடுக்க வேண்டும். சிமெண்ட் பூசினால் பின்னால் தண்ணீர் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும். வழியை மூடும் கார்வியையும் ஒதுக்க வேண்டும். கார்வி நம்ம குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு. இதுவும் பல வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், அதனால் வேரோடு பிடுங்குவதில்லை.

சிமெண்ட் பற்றிச் சண்டையே நடந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு வருகிற இளைஞர்கள் 'கோட்டையைப் புதுசாக்க' ஆசைப்படுகிறார்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் நாமாக ஒரு கல்லையும் மாற்றி வைக்கக்கூடாது. 2010 திருத்தத்துக்குப் பிறகு சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை. அதனால் அனுமதி இல்லாத இடத்தில் எங்கள் வேலை குப்பை பொறுக்குவதோடு சரி. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் விழுந்து கிடக்கிற பழைய கல்லை எடுத்துப் புதிய படி கட்டிவிட்டால், 1818-ல் எது உடைந்தது, எப்படி உடைந்தது என்பதற்கான சாட்சியும் போய்விடும். என் ஓட்டு சட்டத்துக்குத்தான்.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்று 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லோஹகட் அதில் உண்டு, விசாபூர் இல்லை. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. செய்தி வந்த வாரம் காகா என்னிடம், "உங்க ஊர்க் கோட்டையின் வழியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார். ராஜகிரி ஏறியிருக்கிறேன், படி எண்ணியிருக்கிறேன், இதை யோசித்ததில்லை. அடுத்த முறை திண்டிவனம் வழியாக ஊருக்குப் போகும்போது அங்கே இறங்கி விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

மழை விட்டுத் தசரா முடிந்ததும் இங்கே வேலை தொடங்கும். புனேயில் இருக்கும் நம்மவர்கள் வருவதாக இருந்தால் கையுறை, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பிள்ளைகளுக்கு முழுக்கை சட்டை போட்டுக் கூட்டி வாருங்கள், கார்வி கீறும். மதியச் சாப்பாடு அடிவாரத்து வீடு ஒன்றில், சோளபாக்ரியும் பிட்லாவும். புளியோதரை கொண்டு வருகிறவர்களுக்குக் கூடுதல் வரவேற்பு, காகா உட்பட :-)