புஜோல், ஜோசப் (1857–1945)

ஜோசப் புஜோல், மலவாய் வழியே காற்றை உள்ளிழுத்து, அதை விதவிதமான ஒலிகளாக வெளியிட்டுப் புகழ்பெற்ற பிரெஞ்சு மேடைக் கலைஞர். மேடைப் பெயர் ‘லெ பெட்டோமான்’. மார்செய் நகரில் பிறந்தவர். ரொட்டி சுடுவது தொழில்.

கலை: வயிற்றுத் தசைகளின் கட்டுப்பாடே இவ்வித்தையின் அடிப்படை. குடல் வாயு அன்றி, வெளிக்காற்றே பயன்பட்டதால் நாற்றம் எழவில்லை. சிவப்புக் கோட்டும் கருப்பு சாட்டின் கால்சட்டையும் அணிந்து, பீரங்கி முழக்கத்தையும் இடியையும் ஒலித்துக் காட்டினார். ரப்பர்க் குழாயில் பொருத்திய சிறு குழலில் மெட்டு வாசித்தார். சற்றுத் தொலைவில் எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். மருத்துவர்களும் இவரை ஆராய்ந்தனர்.

வரலாறு: 1887இல் மார்செயில் மேடையேறிய இவர், 1892இல் பாரிஸின் மூலான் ரூஜ் அரங்கில் இடம்பிடித்து அதன் முதன்மை ஈர்ப்பானார். நொடித்த நண்பருக்கு உதவத் தனியே நிகழ்ச்சி காட்டியதற்காக அரங்க நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. பிரிந்துவந்து பாம்பதூர் என்ற சொந்த அரங்கை நடத்தினார். முதல் உலகப்போர் மூண்டதும் மேடையை விட்டு ரொட்டித் தொழிலுக்குத் திரும்பினார். பின்னர் துலோனில் பிஸ்கட் ஆலை தொடங்கினார்.

முக்கியத்துவம்: உடலையே இசைக்கருவியாக்கிய கேளிக்கை மரபின் அரிய சான்று இவர். 1967இல் ழான் நோயன், பிரான்சுவா கராடெக் எழுதிய வாழ்க்கை வரலாறு இவரை மீட்டெடுத்தது. 1983இல் வெளிவந்த இத்தாலியப் படத்தில் உகோ தோன்யாட்சி இவராக நடித்தார்.