நகரா சென்ற தூரம்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஒரு நகரா இருந்தது. ஒலிபெருக்கி வராத காலத்தில், பாங்கு சொல்வதற்கு முன் மோதினார் அதனை அடிப்பார். நோன்பு காலத்தில் ஸஹருக்கு ஊரை எழுப்பியதும் அதுவே. அண்மையில் ஏழாந்தர மாணவர்களிடம் நகரா என்றால் என்ன என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. 'டிரம்' எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அச்சொல்லை நான் எதிர்பாராத ஓர் இடத்தில் கண்டது, ஆசிரிய கலாசாலையில் பயின்ற காலத்திலாகும். நூலகத்திலிருந்த பெரிய ஆங்கில அகராதியில் 'நேக்கர்' என்றொரு சொல். இணையாக இடுப்பில் தொங்கவிட்டு அடிக்கும் சிறு முரசு என்று பொருள் தரப்பட்டிருந்தது. ஆங்கிலத்திற்கு அது பழைய பிரெஞ்சின் 'நக்கேர்' என்பதிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு அரபின் 'நக்காரா' என்பதிலிருந்து வந்தது. தட்டுதல், அடித்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. எங்கள் மோதினார் அடித்ததும் அதைத்தான்.

இச்சொல் பிரெஞ்சை அடைந்த காலத்தை ஒரு நூல் நன்கு காட்டுகின்றது. 1248இல் ஒன்பதாம் லூயி மன்னன் எகிப்தை நோக்கிச் சிலுவை யுத்தத்திற்குப் புறப்பட்டபோது உடன் சென்றவர் ழான் த ழுவான்வீல். அவர் எழுதிய மன்னனின் வரலாறு 1309இல் நிறைவுற்றது. முஸ்லிம் படையின் நக்கேர்களும் ஊதுகொம்புகளும் எழுப்பிய பேரொலி கேட்போரை அச்சுறுத்தியதாக அதில் அவர் குறிப்பிடுகின்றார். ஆனால் அதே நூலில், கிறிஸ்தவப் பிரபு ஒருவரின் கப்பல் கரையை நெருங்கும்போதும் நக்கேர்கள் முழங்குகின்றன! பகைவனின் முரசைக் கண்டு அஞ்சியவர்களே அதனை எடுத்துக்கொண்டார்கள்; பெயரை மாற்றவுமில்லை. பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சோசரும் 'கன்டர்பரிக் கதைகள்' நூலில் இச்சொல்லைக் கையாண்டார்.

யுத்தம் ஒரு வழியென்றால், அந்தலூஸ் இன்னொரு வழி. 711இல் முஸ்லிம்கள் ஸ்பெயினுள் நுழைந்தனர். 822இல் பக்தாதிலிருந்து குர்துபா வந்து சேர்ந்த இசைஞர் ஸிர்யாப், 'ஊத்' என்னும் நரம்புக் கருவிக்கு ஐந்தாவது நரம்பைச் சேர்த்தவராகப் போற்றப்படுகின்றார். 'அல்-ஊத்' என்றால் மரம் என்று பொருள். அத்தர் கடையில் நாம் வாங்கும் ஊதும் இதே சொல்தான். இக்கருவி வடக்கே சென்றபோது 'அல்' என்பதன் லகரம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் 'லூத்' ஆயிற்று. ஆங்கிலத்தில் 'லூட்' ஆயிற்று. லூத் செய்பவர் 'லூத்தியே' எனப்பட்டார். இன்று வயலினும் கிட்டாரும் செய்பவருக்கும் அதுவே பெயர். வில்லால் இசைக்கும் 'ரபாப்' பிரெஞ்சில் 'ரெபெக்' ஆனதும் இவ்வாறே.

பிரெஞ்சுக்காரர் தாமே பெயரிட்ட கருவிகளும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸில் உருவான ஒரு துளைக்கருவி 'ஓபுவா' எனப்பட்டது. 'ஓ' என்றால் உரத்த, 'புவா' என்றால் மரம். இன்று உலகெங்கும் வழங்கும் 'ஓபோ' அதன் இத்தாலிய வடிவமாகும். அரபியும் பிரெஞ்சுக்காரரும் ஒருவரையொருவர் கேளாமலே தத்தம் கருவிக்கு 'மரம்' என்று பெயர் வைத்திருப்பது சுவையானது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. நம்மவர் கட்டுரைகள் சிலவற்றில், மேற்கின் 'தோ, ரே, மி' அரபு எழுத்துக்களான தால், ரே, மீம் என்பவற்றிலிருந்து பிறந்தன என்று உறுதியாக எழுதப்படுகின்றது. 1780இல் பிரெஞ்சுக்காரரான லபோர்த் என்பவரும் இக்கருத்தை முன்வைத்தார். ஆயின், பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி கீதோ, ஒரு லத்தீன் துதிப்பாடலின் வரித் தொடக்கங்களிலிருந்தே இவ்வசைகளை அமைத்தார் என்பதற்குத் தெளிவான சான்றுண்டு. முதலசை அன்று 'தோ' அல்ல, 'உத்'. பிரெஞ்சு இசைக் கலைச்சொற்களில் அந்த 'உத்' இன்னும் வாழ்கின்றது. தால் என்ற எழுத்துக்கு அங்கே இடமேயில்லை. உண்மையான கடன்கள் இத்தனை இருக்கையில், பொய்க் கடனைக் கணக்கில் எழுதினால் உண்மையானவையும் ஐயத்திற்குள்ளாகும்.

நாமும் கடன்பட்டவர்களே. கிட்டாரின் அரபு முன்னோடியான 'கீதாரா' என்ற பெயர் கிரேக்கத்தின் 'கிதாரா' என்பதிலிருந்து வந்தது. நாணலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'கலமோஸ்'. அது லத்தீன் வழியே பிரெஞ்சில் 'ஷலுமோ' என்ற ஊதுகுழலாயிற்று. அரபில் 'கலம்' என்ற எழுதுகோலாயிற்று என்பதே சொல்லாய்வாளர் பலரின் முடிபு. ஒரே நாணலை ஒருவர் ஊதினார், மற்றவர் எழுதினார்.

முஸ்லிம்களின் தமிழில் அரபுச் சொற்கள் மிகுதி, அது கலப்புத் தமிழ் என்று குறை கூறுவோர் உளர். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடன் வாங்கியதால் பிரெஞ்சு குறைந்துவிடவில்லை, அரபும் குறைந்துவிடவில்லை. வாங்கியதை மறந்துவிடுவதே இழப்பு.

எங்கள் நகரா இப்போது பள்ளிவாசலின் களஞ்சிய அறையில், தோல் கிழிந்து, பழைய பாய்களுக்கிடையில் கிடக்கின்றது. அடுத்த வாரம் அந்த ஏழாந்தரத்தை அங்கே அழைத்துச் செல்ல எண்ணியிருக்கின்றேன்.