பறவைகளுக்கு ஒரு கவுல்

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களையும் குன்றுகளையும் காட்டி டூரிஸத்தை வளர்க்கலாம், அதனால் பறவைகளும் பிழைக்கும் என்று இப்போது அடிக்கடி சொல்லப்படுகிறது. எனக்கு இதில் விரோதம் ஒன்றுமில்லை. கோபுரம் பார்க்க வருகிறவர்கள் நாரையையும் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் இதுவரை பறவைகளைக் காப்பாற்றி வந்தது எது என்று கேட்டுக்கொள்ளாமல் இந்தப் பேச்சை நடத்துவது சரியல்ல.

வேடந்தாங்கலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் ப்ளேஸ், ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக்கூடாதென்று ஊராருக்கு ஒரு கவுல் தந்தார். ஊரார் கேட்டு வாங்கியது அது. 1858-ல் மறுபடி கேட்டுப் புதுப்பித்துக் கொண்டார்கள். அவர்கள் பேசியது பறவைகளின் அழகைப் பற்றியல்ல. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், ஆகவே பறவை வேண்டும். கவுல் என்பது நிலத்துக்கு எழுதித் தருகிற உடன்படிக்கை. வார்த்தையே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. பறவை அங்கே விருந்தாளியல்ல, சாகுபடியில் பங்காளி.

அதே 1858-ல் சென்னை ராஜதானியில் வேறொரு சட்டமும் வந்தது. கரை உடைப்பெடுக்கும்போதும் மராமத்துக்கும் ஊரார் உழைத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்திய சட்டம். குடிமராமத்து என்று ஊர் தன் வழக்கமாகச் செய்துவந்த காரியம் சட்டத்தைக் காட்டி வாங்கவேண்டிய வேலையாகிவிட்டது என்றுதான் இதற்கு அர்த்தம். பறவைக்குக் காகிதம் கிடைத்த வருஷத்திலேயே, பறவை தங்கும் நீரைப் பராமரித்த ஏற்பாடு நொடித்துக் கிடந்தது. இந்த முரணிலிருந்து நாம் இன்னும் வெளியே வரவில்லை.

எழுதாத கவுல் ஒன்று மதுரைக்குப் பக்கத்திலேயே உண்டு. மேலூரைத் தாண்டித் திருப்பத்தூர் போகிற வழியில், கொள்ளுக்குடிப்பட்டி. அங்குள்ள கண்மாய்களும் வேட்டங்குடிக் கண்மாயும் சேர்ந்து 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மொத்தம் 38 ஹெக்டேர்தான். பறவைகள் கலைந்துவிடும் என்று ஊரார் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு விட்ட பழக்கமல்ல இது. நான் போனது ஒரு மார்கழிக் காலை. நீரில் நின்ற கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடு, நத்தைகுத்தி நாரைகள், வக்காக்கள். சற்று நேரம் நின்றால் கணக்குப் புரிந்துவிடுகிறது. மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரைதான் கூட்டுக்குக் காவல். தண்ணீர் வற்றினால் நாயும் நரியும் மரத்தடிக்கு வந்துவிடும். நத்தையும் மீனும் இராது. அந்தத் தண்ணீர் வருவது மேலேயுள்ள கண்மாயின் மறுகாலிலிருந்து, வரத்துக்கால் வழியாக. பறவைக்கு எல்லை போட்டுவிட்டு வரத்துக்காலை விட்டுவிட்டால், பலகை மட்டும் மிஞ்சும். மதுரையில் உலகனேரி என்று ஓர் இடம். 2004 முதல் உயர்நீதிமன்றக் கிளை இருப்பது அங்கேதான். பெயரில் ஏரி இருக்கிறது.

எல்லை போடுவதன் ஆபத்து அரிட்டாபட்டியில் வெளிப்பட்டது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. சுமார் 250 வகைப் பறவைகள், லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் உட்பட. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள குகை, குடைவரைச் சிவன் கோவில், சுனைகள். இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், இந்தத் தலத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,000 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிருந்தது தெரியவந்தது. எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பரில் மத்திய அரசு முன்வைத்த யோசனைதான் கவனிக்க வேண்டியது: பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றி வரையலாமா என்று பார்ப்பது. வல்லூறு தன் பாறையில் இருக்கலாம். அது இரை தேடும் வயலும் கண்மாயும் தோண்டப்படும். ஜனங்கள் இதற்கு இணங்கவில்லை. 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் தல்லாகுளம்வரை நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தாயிற்று. அவர்கள் கேட்டது 193 ஹெக்டேரை அல்ல, முழு நிலத்தை.

டூரிஸம் இயல்பாகவே எல்லை போடும் குணமுள்ளது. அதற்கு நுழைவாயில் வேண்டும், டிக்கெட் வேண்டும், கோபுரத்தில் ஏறி நின்று பார்க்க ஒரு காட்சி வேண்டும். காட்சிக்கு வெளியே உள்ள வரத்துக்கால் அதன் கண்ணில் படாது. வருகிறவர்கள் தரும் பணம் கால்வாய் தூர்வாரவும் கரை கட்டவும் ஊர் கைக்குப் போகுமானால், அது வேடந்தாங்கல்காரர்கள் கேட்டு வாங்கிய கவுலின் தொடர்ச்சி. வேலிக்கும் பலகைக்கும் மட்டும் போகுமானால், அடுத்த ஏலத்தில் வெட்டி ஒதுக்குவதற்கு வசதியாக நாமே கோடு கிழித்துக் கொடுத்ததாக ஆகும்.